மூணாற்றில் கேரட் கப்கேக் நடுவில் குழிவது ஏன்?

சகோதரி, மதுரையில் நன்றாக வந்த கேரட் கப்கேக், மூணாற்றுக்குக் குடிவந்தபின் பொங்கி எழுந்து நடுவில் குழிந்துவிடுகிறது என்கிறீர்கள். உங்கள் கைப்பக்குவம் எங்கும் போய்விடவில்லை, மலைதான் காரணம்.

மூணாறு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம், காற்றழுத்தம் குறைவு. பேக்கிங் பவுடரின் வாயு கூடுதலாக விரிந்து, மாவு வெந்து இறுகுவதற்குள் அதை மேலே தூக்கிவிடுகிறது. பிறகு தாங்க வலுவின்றி அமுங்குகிறது. பேக்கிங் பவுடர் 1 தேக்கரண்டி போட்ட இடத்தில் முக்கால் போதும். சர்க்கரையில் கோப்பைக்கு 1 மேசைக்கரண்டி குறையுங்கள். ஓவன் சூட்டை 175 டிகிரியிலிருந்து 185 ஆக்கி, 5 நிமிடம் முன்னதாகவே ஈர்க்குச்சியால் குத்திப் பாருங்கள்.

கேரட்டைத் துணியில் பிழிந்தும் பார்த்தேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் விட்டுவிடுங்கள். மலையில் ஈரம் சீக்கிரம் வற்றும். பிழிந்தால் மறுநாள் கேக் ரொட்டித்துண்டுதான். பக்கத்து மலைக்கிராமமான வட்டவடையின் கேரட் கிடைக்கும் ஊரில் இருந்துகொண்டு அந்தச் சாற்றை வீணாக்கலாமா? பெரிய கண் துருவியில் துருவி, கடைசியாக மாவில் கலந்து, நிற்க விடாமல் உடனே ஓவனுக்குள் வையுங்கள்.

காகிதக் கிண்ணத்தில் பாதிக்குமேல் மாவு வேண்டாம். இங்கு வந்த முதல் கிறிஸ்துமஸுக்கு நான் முக்கால்வாசி ஊற்றினேன். பன்னிரண்டும் வழிந்து ஒரே அடையாகிவிட்டன. தட்டைச் சுரண்டவே அரைநாள் போயிற்று. சுரண்டியதை மட்டும் பிள்ளைகள் விடவில்லை.