கேளுங்கள், சொல்கிறேன்: ஸ்கிராப்புக்கில் ஸ்டாம்ப் வேலை

மகளின் முதல் பிறந்தநாள் போட்டோக்களை ஒட்டி அலங்கரிக்கும் ஆல்பத்துக்காக (ஸ்கிராப்புக்) பூப் படம் குத்தும் ஸ்டாம்ப் செட் வாங்கினேன். வீட்டில் இருந்த ஆபீஸ் ஸ்டாம்ப் பேடில் ஒற்றிச் சார்ட் பேப்பரில் குத்தினால் கோடெல்லாம் கசிந்து பூ அப்பிக்கொள்கிறது. செட் மட்டமா?
- வாசகி, திருச்சி

செட்டைத் திட்டாதீர்கள், பாவம். குற்றம் மையிலும் தாளிலும்தான். ஆபீஸ் பேடில் இருப்பது தண்ணீர் மாதிரி நீர்த்த சாயம். ரசீதில் பட்டதும் ஊறிக் காய்ந்துவிட வேண்டும் என்று செய்தது, சார்ட் பேப்பரில் அது நாரோடு நாராக ஓடத்தான் செய்யும், வெளிச்சம் பட்டால் சில வருடங்களில் வெளுத்தும் போகும். ஆல்பத்துக்குப் பிக்மென்ட் இங்க் பேட் என்று கேட்டு வாங்குங்கள். அதில் நிறத் துகள்கள் தாளின் மேலேயே தங்குவதால் கோடு கூர்மையாக நிற்கும், சீக்கிரம் வெளுக்காது. ஆனால் காய நேரம் எடுக்கும். வழவழ தாளில் கை பட்டால் எப்போதும் ஈஷும், அங்கே போகாதீர்கள். தாளில் 'ஆசிட் ஃப்ரீ, லிக்னின் ஃப்ரீ' என்று போட்டிருக்கிறதா பாருங்கள். பழைய செய்தித்தாளைப் பழுப்பாக்குவது மரக்கூழில் இருக்கும் அந்த லிக்னின்தான், போட்டோ பக்கத்தில் அது வேண்டாம்.

அப்புறம், ஸ்டாம்பைப் பேடில் அழுத்தாதீர்கள். ஸ்டாம்பைத் திருப்பி வைத்துப் பேடை அதன் மேல் மெதுவாகத் தட்டித் தட்டி மை ஏற்றுங்கள், பள்ளங்களில் மை தேங்காது. தாளுக்கு அடியில் பழைய மவுஸ் பேட் ஒன்று இருந்தால் அச்சு முழுசாக விழும். மலிவு செட்டே போதும், மிச்சக் காசைப் பேடிலும் தாளிலும் போடுங்கள் என்பதுதான் என் கட்சி.

குத்திய மை மேல், சூட்டில் உருகிப் புடைத்து நிற்கும் எம்பாஸிங் பவுடர் தூவி ஹேர் டிரையர் காட்டினேன். பவுடர் முழுக்கப் பறந்து போச்சு!
- கல்லூரி மாணவி, கோவை

பறக்காமல் என்ன செய்யும்? ஹேர் டிரையரில் காற்று அதிகம், சூடு குறைவு. பவுடர் உருகுவதற்கு அந்தச் சூடு பத்தாது. ஹீட் கன் என்கிற சூட்டுக் கருவியில் நேர்மாறு. அது வாங்கும்வரை, காய்ந்த தோசைக்கல்லுக்கு மேலே, படாமல், தாளின் பின்பக்கம் சூடு ஏறும்படி இடுக்கியால் பிடியுங்கள். மாவு மாதிரி இருந்தது ஒரு ஓரத்திலிருந்து திடீரென்று பளபளவென்று உருகிப் பரவும். பரவியதும் எடுத்துவிட வேண்டும், இன்னும் கொஞ்சம் என்று நின்றால் மினுமினுப்பு போய்த் தாளுக்குள் இறங்கிவிடும். குத்துவதற்கு முன் தாளில் முகப் பவுடரை லேசாகத் தடவித் துடைத்தால் மை இல்லாத இடத்திலும் எம்பாஸிங் பவுடர் அங்கங்கே ஒட்டும் தொல்லையும் இல்லை. பவுடர் பிடிக்க மை ஈரமாக இருக்க வேண்டும், அதனால் இங்கேயும் பிக்மென்ட் மைதான்.

ஒரே பூ ஸ்டாம்ப்தான் இருக்கிறது. கொத்தாக, ஒன்றின் பின்னால் ஒன்று இருப்பது போல் காட்ட முடியுமா?
- வாசகி, யாழ்ப்பாணம்

தாராளமாக. முதல் பூவைப் பக்கத்தில் குத்துங்கள். அதே பூவை ஒட்டும் குறிப்புச் சீட்டில், பசை இருக்கும் பகுதியில் இன்னொரு தடவை குத்தி, கோட்டுக்கு ஒரு மயிரிழை உள்ளேயே வெட்டுங்கள். கோட்டுக்கு வெளியே வெட்டினால் இரண்டு பூவுக்கும் நடுவே வெள்ளைச் சந்து தெரியும். இந்தச் சீட்டை முதல் பூவின் மேல் ஒட்டி, அதன் மீது பாதி ஏறும்படி அடுத்த பூவைக் குத்திவிட்டு உரித்தால், இரண்டாவது பூ பின்னால் போய் உட்கார்ந்திருக்கும். இன்னும் ஆழம் வேண்டுமா? பின்னால் வரும் பூவுக்கு மை ஏற்றியதும் முதலில் கழிவுத் தாளில் ஒரு குத்து, மறுபடி மை தொடாமல் அடுத்த குத்தைப் பக்கத்தில் வையுங்கள். வெளிறி விழும், தூரத்தில் இருப்பதாகக் கண் நம்பிவிடும்.

பிள்ளைகளும் சேர்ந்து செய்ய வேண்டும், செலவு கூடாது.
- அப்பா ஒருவர், தஞ்சாவூர்

உங்கள் ஊரில் வாழைமட்டைக்கா பஞ்சம்? இலைக் காம்பைக் குறுக்கே வெட்டினால் பிறை வடிவம், உள்ளே வலை வலையாகக் காற்றறைகள். கடையில் காசு கொடுத்தாலும் அப்படி ஒரு டிசைன் சுலபத்தில் கிடைக்காது. பிறைகளை வட்டமாக அடுக்கினால் தாமரை. வெண்டைக்காயில் ஐந்து இதழ் பூ, பாகற்காயில் பல்பல்லாக ஒரு சக்கரம். வெட்டியதும் குத்தாதீர்கள், தாளில் கவிழ்த்துக் கொஞ்ச நேரம் நீர் இறங்கட்டும். மை வேண்டாம், அக்ரிலிக் பெயின்டைப் பஞ்சால் ஒற்றினால் போதும். நன்றாகக் காயாமல் ஆல்பத்தை மூடாதீர்கள்.

ஸ்டாம்பை எதால் துடைப்பது?
- வாசகி, சேலம்

ஈரத் துணி, இல்லை குழந்தைகளுக்கான வெட் வைப்ஸ். கண்ணாடி மாதிரி இருக்கும் பாலிமர் ஸ்டாம்பில் கறை நிற்கும், அது அச்சைக் கெடுக்காது. நெயில் பாலிஷ் ரிமூவர் கிட்டே கொண்டு போகாதீர்கள். வெயில் படும் ஜன்னலோரமும் வேண்டாம், மஞ்சளாகி இறுகும்.

போட்டோவின் மேலேயே குத்தலாமா?
- அதே சேலம் வாசகி

ஸ்கேன் செய்து இன்னொரு பிரிண்ட் போட்டுக்கொண்டு, அதன் மேல் இஷ்டம்போல் குத்துங்கள். தாத்தா காலத்து ஒற்றைப் பிரதி என்றால் ஓரத்தில்கூடத் தொடாதீர்கள்.