விதைப்பந்துக்குப் பதில் மழைமானி

கேள்வி: கோத்தகிரியில் இருக்கிறோம். நவம்பரில் மகளுக்கு ஒன்பது வயது நிறைகிறது. பிறந்தநாளுக்கு வரும் பன்னிரண்டு பிள்ளைகளுக்கும் இயற்கைமேல் அக்கறை வருகிற மாதிரி ஏதாவது தர ஆசை. விதைப்பந்து தரலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். விதைப்பந்துகளில் வழக்கமாக இருப்பது வேம்பு, புங்கன் போன்ற சமவெளி மர விதைகள். கோத்தகிரிக் குளிரில் வேம்பு தேறாது. தேறுகிற விதையாக இருந்தால் சிக்கல் இன்னும் பெரிது. வெற்று மேடு என்று நினைத்துப் பிள்ளைகள் வீசும் இடம் புல்வெளியாக இருக்கலாம். வரையாடு மேய்வதும் நீலக்குறிஞ்சி பூப்பதும் அங்கேதான். வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து நட்ட சீகை (வாட்டில்) மரம் பரவி எவ்வளவு புல்வெளியை விழுங்கியிருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். எங்கும் மரம் நடு என்ற பாடம் இந்த மலைக்குப் பொருந்தாது.

பார்க்கவும் அளக்கவும் உதவுகிற கருவியாகக் கொடுங்கள். பன்னிரண்டு பேருக்கும் 10 மடங்கு கைலென்ஸ் போதும். கண்ணாடி லென்ஸாக வாங்குங்கள், பிளாஸ்டிக் சீக்கிரம் கீறிவிடும். பிள்ளைகள் அதைக் கையை நீட்டிப் பிடிப்பார்கள். எல்லாம் மங்கலாகத் தெரியும், இரண்டே நாளில் மூலையில் போட்டுவிடுவார்கள். லென்ஸைக் கண்ணருகே வைத்து, பொருளை 2.5 செ.மீ. தூரத்துக்குக் கொண்டுவர வேண்டும். பெரணி இலையின் அடியில் உள்ள பழுப்புப் புள்ளிகளை அப்படி ஒருமுறை காட்டிவிடுங்கள். சூரியனை மட்டும் அதன் வழியே பார்க்கவே கூடாது.

பைனாகுலர் இப்போது வேண்டாம். மலை ஈரத்தில் பெட்டிக்குள் பூட்டி வைத்தால் லென்ஸில் பூஞ்சை பிடித்துவிடும்.

மகளுக்கு மழைமானி செய்து கொடுங்கள். 1 லிட்டர் எவர்சில்வர் பாட்டில், 10 செ.மீ. வாயுள்ள புனல், ஊசி இல்லாத 10 மி.லி. சிரிஞ்ச், ஒரு நோட்டு. இந்தப் புனலில் 1 மி.மீ. மழை பெய்தால் பாட்டிலில் சேர்வது 7.85 மி.லி.; 8 என்றே வைத்துக்கொள்ளலாம். சிரிஞ்சால் உறிஞ்சி அளந்து 8-ஆல் வகுத்தால் மழை அளவு. 1 லிட்டர் பாட்டில் சுமார் 125 மி.மீ. வரை தாங்கும். அரை லிட்டர் என்றால் ஒரே பெருமழையில் வழிந்துவிடும்.

புனலைச் சுற்றி டேப் ஒட்டி இறுக்க வேண்டாம்; உள்ளே இருக்கும் காற்று வெளியேற வழியில்லாமல் தண்ணீர் புனலிலேயே நிற்கும். வாய் தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில், சாயாமல் இருக்கட்டும்; தாழ்ந்தால் தெறிக்கும் நீர் விழும். வீட்டுச் சுவரோ மரமோ எவ்வளவு உயரமோ அதைப்போல் இரண்டு மடங்கு தள்ளி, குரங்கு பிடுங்காதபடி கம்பத்தில் கட்டுங்கள். தினமும் காலை 8.30-க்கு அளக்கட்டும், வானிலைத் துறை அளக்கும் நேரமும் அதுதான். மழை இல்லாத நாளில் 0 என்று எழுத வேண்டும். காலியாக விட்டால் மழை இல்லையா, அளக்க மறந்ததா என்று பிறகு தெரியாது.

கூடலூரில் உறவுப் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் ஒன்று கொடுங்கள். உங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டும்; அங்கே ஆனி, ஆடியில். ஒரே மாவட்டத்துக்கு இரண்டு மழைக்காலம் என்பதை இரண்டு நோட்டுகளையும் பக்கத்தில் வைத்தால் அவளே கண்டுபிடிப்பாள்.

ஒரு மாதம் பழகியதும் இன்னொரு மானியை மரத்தடியில் வைக்கச் சொல்லுங்கள். மழையே பெய்யாத பனிமூட்ட நாளில் வெளியே இருப்பதில் 0 இருக்கும். மரத்தடியில் சில மி.லி. சேர்ந்திருக்கலாம். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று அவள் கேட்டால், உடனே பதில் சொல்லாமல் இலை நுனிகளை லென்ஸில் பார்க்கச் சொல்லுங்கள்.