தசை வளர்க்கும்போது கொழுப்பை விட்டுவிட வேண்டுமா?

மட்டக்களப்பில் இருந்து ஜிம்முக்குப் போகும் நீங்கள், உங்கள் எடை 60 கிலோ என்றும், தேங்காயையும் கச்சானையும் நிறுத்திவிட வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

நிறுத்தாதீர்கள். தசை வளர உதவும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் சுரக்கவும், ஏ, டி, ஈ, கே விட்டமின்களை உடல் உறிஞ்சவும் கொழுப்பு வேண்டும். ஒரு நாள் கலோரியில் 20 முதல் 35 சதவீதம் கொழுப்பிலிருந்து வரலாம். எந்தக் கொழுப்பு என்பதுதான் முக்கியம்.

நம்மிடம் சாளை மீனும் சூடை மீனும் இருக்கும்போது, அவற்றிலேயே உள்ள ஒமேகா 3 என்ற நல்ல கொழுப்புக்காக மாத்திரைக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும்? வாரத்தில் இரண்டு மூன்று நாள் குழம்பாக வைத்துச் சாப்பிடுங்கள். பொரித்தால் எண்ணெய்தான் கூடும். கச்சானும் நல்லதுதான், ஆனால் அளவு தேவை. 30 கிராமில் ஏறக்குறைய 7 கிராம் புரதமும் 14 கிராம் கொழுப்பும் இருக்கின்றன. ஒரு கைப்பிடியோடு பையை மூடி வையுங்கள். தேங்காய்க் கொழுப்பில் பெரும்பகுதி நிறைவுற்ற கொழுப்பு, அளவோடு சாப்பிட வேண்டிய வகை. அதனால் பிட்டுக்குத் தேங்காய்ப்பூ போட்ட நாளில் சொதியைத் தண்ணீராக வைக்கலாம். எருமைத் தயிர் ஒரு சிறு கிண்ணம் போதும், சீனியும் பாணியும் இல்லாமல்.

அப்புறம் புரதம். கிலோவுக்கு 1.6 கிராம் என்று கணக்கிட்டால் உங்களுக்கு நாளொன்றுக்கு 96 கிராம் வரும். மீன், முட்டை, பயறு, கௌபி, தயிர் என்று மூன்று வேளைக்கும் பிரித்துக்கொண்டால் பவுடர் இல்லாமலே அதை எட்டலாம். சோற்றையும் குறைக்காதீர்கள், பாரம் தூக்கும் பலம் அதிலிருந்துதான் வருகிறது. தவிட்டோடு இருக்கும் சிவப்பரிசி கிடைத்தால் இன்னும் நல்லது.