அமெரிக்காவில் முதலில் குடியேறியவர் வழியாக இங்கிலாந்து அரசர்வரை வம்சாவளி காட்ட முடியுமா?

முடியும். ஆனால் எல்லாக் குடும்பத்துக்கும் அல்ல. 1620 முதல் 1640 வரை அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியான நியூ இங்கிலாந்துக்குக் கப்பலேறியவர்களில் பெரும்பாலோர் சாதாரண உழவர்கள், கைவினைஞர்கள். அவர்கள் தடம் பெரும்பாலும் ஊர்த் தேவாலயப் பதிவேட்டோடு நின்றுவிடும். அந்தப் பதிவேடுகளே 1538இல்தான் தொடங்கின. அதற்கும் முன்னே போக, நிலமும் உயிலும் விட்டுச்சென்ற மூதாதை ஒருவராவது வேண்டும்.

ஆன் ஹட்சின்சன் அப்படிப்பட்டவர். 1634இல் பாஸ்டன் வந்து, மதக் கருத்துக்காக மாசசூசெட்சிலிருந்தே வெளியேற்றப்பட்ட துணிச்சல்காரி. இவருடைய தாய்வழி 1307இல் இறந்த முதலாம் எட்வர்டு மன்னர்வரை போகிறது. அமெரிக்க அதிபர்களாக இருந்த பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டும் இரண்டு புஷ்களும் இவர் சந்ததி.

அரச வாரிசான ஆன் ஒரு பாதிரியார் மகளாகப் பிறந்தது எப்படி? சொத்து மூத்த மகனுக்கே போனதால் இளையவர்களும் மகள்களும் தலைமுறைக்கு ஒரு படியாக இறங்கினார்கள். அரசர் ஒருவர் மூதாதையாக இருப்பதில் வியப்பே இல்லை. தலைமுறைக்குத் தலைமுறை இரட்டிப்பாகி, 25 தலைமுறை பின்னே போனால் மூதாதையர் இடங்கள் மட்டும் மூன்று கோடியைத் தாண்டும்.

வம்சாவளிச் சங்கிலி பெரும்பாலும் அறுந்துபோவது கடலைத் தாண்டும் இடத்தில்தான். ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால், வம்சாவளி தேடுபவர்கள் அரசகுலத்தானையே தங்கள் பாட்டனாக எடுத்துக்கொள்வார்கள். குஸ்தாவ் அஞ்சூ என்பவர் பணக்கார அமெரிக்கர்களுக்குப் போலி வம்சாவளிகளையே விற்றார். அவை இன்றும் இணையத்திலுள்ள குடும்ப மரங்களில் உலவுகின்றன. அதனால் அரசரிடமிருந்து கீழே வராதீர்கள். உங்களிடமிருந்து தொடங்கி, ஒவ்வொரு பெற்றோர்–பிள்ளை இணைப்புக்கும் அந்தக் காலத்து ஆவணம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு மேலே ஏறுங்கள்.