கராஜ் கதவுக்கு எக்ஸ்டென்ஷன் ஒயர் போதுமா?

கேள்வி: டல்லாஸில் பழைய வீடு ஒன்று வாங்கியிருக்கிறோம். கராஜ் கதவு மோட்டாருக்குக் கூரையில் பிளக் பாயின்ட் இல்லை. எக்ஸ்டென்ஷன் ஒயர் இழுத்துக்கொள்ளலாம் என்கிறார் கணவர். சரியா? – ஒரு வாசகி

பதில்: வேண்டாம்மா. ஹூஸ்டன் வந்த புதிதில் நானும் அதைத்தான் செய்தேன். இரண்டாவது கோடையில் பார்த்தால் பிளக் முனை பழுப்பேறியிருந்தது. நிரந்தர ஒயரிங்குக்குப் பதிலாக எக்ஸ்டென்ஷனை வைக்க அமெரிக்க மின் விதியே இடம் தருவதில்லை. மோட்டாரின் ஒயர் எட்டும் தூரத்தில், கூரையிலேயே எர்த் உள்ள 120 வோல்ட் பாயின்ட் ஒன்றை லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்துப் போடுங்கள். அதற்கு ஜி.எஃப்.சி.ஐ. (மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும்) பாதுகாப்பு வேண்டும், 2008 விதிகளுக்கு முன்பு கூரைப் பாயின்ட்டுக்கு விலக்கு இருந்ததால் பழைய வீடுகளில் அது இல்லாமல் இருக்கலாம். துண்டித்த மின்சாரத்தைத் திரும்பக் கொண்டுவரும் ரீசெட் பட்டன் கைக்கு எட்டட்டும். ஒவ்வொரு தடவையும் ஏணி போட்டு ஏறி நான் பட்ட பாடு போதும்! அப்புறம், அதே சர்க்யூட்டில் ஃப்ரீஸரை மாட்டிவிடாதீர்கள்.

கதவைத் திறந்து மூடும் சுவர் பட்டனுக்கும், மூடும்போது குறுக்கே ஏதாவது இருந்தால் கண்டுபிடிக்கும் சென்ஸருக்கும் போவது மெல்லிய, குறைந்த வோல்ட் ஒயர். கணவருக்கு ஆசையாக இருந்தால் அதை அவரே இழுக்கட்டும். சென்ஸர் தரையிலிருந்து 6 அங்குலத்தைத் தாண்டக்கூடாது. பட்டன் குழந்தைகளுக்கு எட்டாமல் 5 அடிக்கு மேலே.