கிரேடு ‘பி’ போட்டால் பட்டியலே தடிக்கிறது, ஏன்?

கேள்வி: கிருஷ்ணகிரியில் மாங்காய் மண்டி வைத்திருக்கிறோம். தோட்டக்காரர்கள் போனிலிருந்தே சரக்கு விவரம் பதிய பி.எச்.பி. என்ற நிரல்மொழியில் ஒரு இணையப் பக்கம் செய்தோம். ஒருவர் கிரேடை < > குறிகளுக்குள் ஆங்கில எழுத்தில் போடுகிறார். ஏ போட்டால் அது தெரிவதே இல்லை. பி போட்டால் கீழே உள்ள பட்டியல் முழுக்கத் தடித்த எழுத்தாகிவிடுகிறது. அதே குறிகளுக்குள் இன்னொருவர் தமிழில் ‘செந்தூரா’ என்று எழுதினார், சரியாக வருகிறது. கோளாறு போனிலா, பக்கத்திலா?

பதில்: பக்கத்தில்தான். < குறியை ஒட்டி ஆங்கில எழுத்து வந்தால் பிரவுசர் அதை டேக் (பக்கத்தை எப்படிக் காட்டுவது என்று சொல்லும் குறியீடு) என்று எடுத்துக்கொள்ளும். ஏ என்பது இணைப்புக்கான டேக், பி தடித்த எழுத்துக்கானது. தமிழ் எழுத்தோ எண்ணோ வந்தால் டேக் ஆகாது. செந்தூரா தப்பியது அப்படித்தான்.

எழுத்து தடிப்பது சின்ன விஷயம். அதே இடத்தில் யாராவது ஸ்கிரிப்ட் டேக் போட்டு உள்ளே நிரல் எழுதினால், நீங்கள் லாகின் செய்து பார்க்கும்போது அது உங்கள் பெயரிலேயே விலையை மாற்றிவிடலாம்.

பி.எச்.பி.யில் இதற்கென்றே எச்டிஎம்எல்ஸ்பெஷல்சார்ஸ் என்ற ஃபங்ஷன் இருக்கிறது. <, >, & ஆகியவற்றையும் மேற்கோள் குறிகளையும் வெறும் எழுத்தாகக் காட்டும்படி மாற்றிவிடும். பி.எச்.பி. 8.1-க்கு முந்தைய பதிப்பு என்றால் ஒற்றை மேற்கோளை அது தானாக மாற்றாது. ‘ஈஎன்டி கோட்ஸ்’ என்ற விருப்பத்தையும் சேர்த்துக் கொடுங்கள்.

எங்கே மாற்றுவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். டேட்டாபேஸில் சேமிக்கும்போது வேண்டாம், திரையில் காட்டும்போது மட்டும் செய்யுங்கள். இரண்டு இடத்திலும் செய்தால் கடைப் பெயரில் உள்ள & குறிக்குப் பின்னால் ‘ஏஎம்பி’ என்று வால் முளைக்கும். எழுதியதை அப்படியே சேமித்திருந்தால், பழைய பதிவுகளும் தாமாகச் சரியாகிவிடும்.

பட்டியலை ஜாவாஸ்கிரிப்ட் நிரப்புகிறதா? அப்படியானால் எழுதியதை டேக்காகப் படிக்கும் இன்னர்எச்டிஎம்எல்லை விட்டு, வெறும் எழுத்தாகவே காட்டும் டெக்ஸ்ட்கன்டென்ட்டுக்கு மாறுங்கள், வேறு வேலை இல்லை.

அப்புறம், தோட்டத்தின் மேப் லிங்க்கும் வாங்குகிறீர்கள் என்றால் இந்த மாற்றம் மட்டும் போதாது. ‘ஜாவாஸ்கிரிப்ட்:’ என்று தொடங்கும் முகவரியில் மாற்றுவதற்கு எந்தக் குறியும் இல்லாமலே போகலாம், தொட்டால் அதிலுள்ள நிரல் ஓடிவிடும். லிங்க் எச்டிடிபி அல்லது எச்டிடிபிஎஸ் என்று தொடங்குகிறதா என்று சர்வரிலேயே பாருங்கள், இல்லையென்றால் அதை இணைப்பாகக் காட்டாதீர்கள்.