காரைச் சோதிக்கலாமா என்று போலீஸ் கேட்டால்

கேள்வி: மகன் டெக்சாஸில் மாணவர் விசாவில் எம்.எஸ். படிக்கிறான். வேகமாகப் போனதாகச் சொல்லி காரை நிறுத்திய போலீஸ்காரர், டிக்கியைத் திறந்து பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறார். பயத்தில் சரி என்றுவிட்டான். எதுவும் சிக்கவில்லை. ஆனாலும், குடியுரிமை இல்லாதவன் மறுக்கலாமா?

பதில்: தாராளமாக மறுக்கலாம். தகுந்த காரணமில்லாத சோதனையை அமெரிக்க அரசியலமைப்பின் 4-வது திருத்தம் தடுக்கிறது. அது டெக்சாஸ் போலீஸையும் கட்டுப்படுத்துவது, மாநில அரசுகளுக்கான 14-வது திருத்தத்தின் வழியாக. அந்தத் திருத்தம் வெளிநாட்டவரையும் காக்கும் என்று, சான்பிரான்சிஸ்கோவில் சலவைக்கடை நடத்திய ஒரு சீனரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1886-லேயே தீர்ப்பளித்துவிட்டது.

சிக்கலே அந்தச் ‘சரி’யில்தான். மனமுவந்து சம்மதித்துவிட்டால் வாரண்டும் வேண்டாம், காரணமும் வேண்டாம். மறுக்கும் உரிமை உண்டு என்று போலீஸ் முன்கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை என்பது 1973-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. எனக்கு இதில் உடன்பாடில்லை. இரவு நேரத்தில், கண்ணில் டார்ச் அடித்துக்கொண்டு கேட்பவரிடம் யார்தான் மனமுவந்து தலையாட்டுவார்கள்? ஆனால் இன்றுவரை சட்டம் அதுதான். அதனால் சொல்ல வேண்டியதை உங்கள் மகன் முன்பே மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளட்டும்: “ஆபீசர், ஐ டோண்ட் கன்சென்ட் டு எ சர்ச்.” இரண்டு கையும் ஸ்டீயரிங் மேல் இருக்க, மரியாதையாக, காதில் விழும்படி சொன்னால் போதும். மறுத்ததையே சந்தேகத்துக்குக் காரணமாகக் காட்ட முடியாது. அதையும் மீறிச் சோதித்தால் தடுக்கக் கூடாது. சண்டையை நீதிமன்றத்தில் வைத்துக்கொள்ளலாம். சட்டவிரோதமாக எடுத்த சாட்சியத்தை அங்கே பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள்.

மறுக்க முடியாதவையும் உண்டு. லைசென்ஸ், இன்சூரன்ஸ் கேட்டால் காட்ட வேண்டும். இறங்கச் சொன்னால் இறங்க வேண்டும். சீட்டில் கஞ்சா கிடப்பது போலக் கண்ணெதிரே காரணம் இருந்தால் சம்மதமே தேவையில்லை. ஆனால் அபராத டிக்கெட் எழுதி முடித்தபின், நியாயமான சந்தேகம் இல்லாமல் மோப்ப நாய்க்காகக் காக்க வைக்கக் கூடாது. இது 2015 தீர்ப்பு. கைது செய்தாலும் செல்போனுக்குள் பார்க்கப் பொதுவாக வாரண்ட் வேண்டும் என்பது 2014 தீர்ப்பு. விமான நிலையக் குடிநுழைவுச் சோதனைக்கு மட்டும் இதெல்லாம் பொருந்தாது. அங்கே பெட்டியைத் திறக்க வாரண்ட் கேட்க முடியாது.

அப்புறம், 18 வயது நிரம்பிய வெளிநாட்டவர் ஐ-94 (அமெரிக்காவுக்குள் நுழைந்ததற்கான பதிவு) போன்ற பதிவு ஆவணத்தை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பதும் சட்டம். அதன் அச்சுப் பிரதியைக் காரில் விட்டுவைக்காமல் பர்ஸிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.